சாயம் நிற்குமா, சாயநீர் எங்கே நிற்கும்?



தீபாவளிக்கென்று மாதுங்காக் கடைத்தெருவில் வாங்கிய புதுத் துணியை முதலில் உப்பு நீரில் ஊறவைத்து அலசுகின்றோம். இறங்கிய சாயத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறந்துவிடுகின்றோம். நம் வீட்டில் இது ஒரு வாளி நீர். ஊருக்கு ஊர் உள்ள சாயப்பட்டறைகளின் நீரெல்லாம் எங்கே போகின்றது?

மும்பைக்கும் சாயத்துக்கும் பழைய உறவு உண்டு. 'பாம்பே டையிங்' ஆலை 1879ஆம் ஆண்டில் நூலுக்குக் கையால் சாயமேற்றும் சிறு பட்டறையாகவே தொடங்கிற்று. அண்மைக் காலத்துச் செய்தியும் ஒன்றுண்டு. செம்பூரைக் கடந்து வாஷி வழியே சென்றால் வரும் தலோஜாவில், 2017 ஆகஸ்டில், தெருநாய்கள் நீலநிறமாகத் திரிந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கிருந்த ஆலை ஒன்றை மூடுவித்தது. நாயின்மேல் படிந்த நிறம் கண்ணுக்குத் தெரிந்தது; நீரில் கரைந்த நஞ்செல்லாம் அவ்வாறு தெரிவதில்லை.

துணிக்கு இடும் சாயம் முழுவதும் இழையிற் பற்றுவதில்லை. ஒரு பகுதி நீரோடு போய்விடுகின்றது. வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காத சாயத்தையே நாம் விரும்புகின்றோம். துணியில் நாம் போற்றும் அவ்வுறுதியே ஆற்றுக்குப் பகையாகின்றது. சாக்கடைக் கழிவை எளிதில் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களும் அதனிடம் தோற்றுவிடுகின்றன.

இதற்கு என் செய்வது? படிகாரமும் சுண்ணாம்பும் இட்டால் சாயத்தின் ஒரு பகுதி வண்டலாகப் படியும், நீர் தெளியும். ஆனால் நஞ்சு அழியவில்லை, இடம் மாறியது, அவ்வளவே. காற்றுப் புகாத தொட்டியில் வளரும் நுண்ணுயிர்கள் 'அஸோ' வகைச் சாயங்களின் நைட்ரஜன் பிணைப்பை அறுத்து, நிறத்தைப் போக்கிவிடும். எனினும், அப்போது பிறக்கும் 'அமீன்' பொருள்களுள் சில புற்றுநோய் விளைவிப்பன. நிறம் போனதனால் நீர் தூயதாகிவிட்டது என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதுவே சான்று. ஆகவே, அந்நீரைக் காற்றூட்டும் தொட்டியில் விட்டு மேலும் சிதைக்க வேண்டும். அதற்கும் மசியாதவற்றை ஓசோன் கொண்டோ, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தோ உடைக்கலாம். பின்னது ஃபென்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையாகும்.

இத்தனைக்குப் பின்னும் எஞ்சுவது உப்பு. சாயம் இழையிற் பற்றுவதற்காக இட்ட உப்பு. அதனை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தாராவியை ஒட்டியோடும் மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலந்துவிடுகின்றது. நம் நொய்யலுக்கோ அருகிற் கடல் இல்லை. திருப்பூரின் சாயநீர், 1992ஆம் ஆண்டில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. பாசனத்துக்கென எழுந்த அணை உழவர்க்கே கேடாயிற்று. நிலமும் கிணறும் உவர்த்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவர் கண்ணீரோடு தொழிலாளர் கண்ணீரும் சேர்ந்தது. பின்னர், கழிவுநீரை வெளியே விடாத முறையோடு பட்டறைகள் மீண்டும் இயங்கலாயின. மெல்லிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி வடிகட்டுகின்றனர். எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பை மீட்கின்றனர். மீட்ட நீரும் உப்பும் மறுபடியும் சாயத்தொட்டிக்கே செல்கின்றன.

காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். சவ்வுக்கு மின்சாரம் வேண்டும். இச்செலவை ஏற்காத துணி மலிவாகவே கிடைக்கும். ஆனால் அம்மலிவுக்குரிய விலையை ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் உழவன் கொடுக்கின்றான். தாராவித் தையற்கூடங்களில் துணி வெட்டும் நம் சகோதரரும், கடையில் விலை பேசும் நாமும் இதனை உணர்தல் வேண்டும்.

"சாயம் நிற்குமா?" என்று கேட்டே துணி வாங்குகின்றோம். சாயநீர் எங்கே நிற்கின்றது என்றும் கேட்கப் பழகுவோமாக.