குறைக்குட்டி போட்ட ஆட்டை யாரிடம் சொல்வது?

(ஆடு வளர்ப்பு பற்றித் தொலைக்காட்சியில் ஒளியேறிய கருத்துக்களத்தில், கிள்ளான் வட்டாரத்தில் கால்நடைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர் ஆடு வளர்ப்பில் எவ்வளவு இலாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். போயர், ஜம்னாபாரி, பால் தரும் சானேன் என்று அவர் அடுக்கியபோது, ஓய்வூதியப் பணத்தில் நாமும் நாலு ஆடு வாங்கிக் கட்டலாமா என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்று. நோய் என்ற வரி. அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

ஆட்டு நோய் என்றால் மந்தை மந்தையாகச் செத்து விழுவதுதான் நம் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட நோயும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு ஆட்டுக்கொல்லி என்றே பெயர். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாக 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டது விழுப்புரம் பக்கத்தில் உள்ள அரசூரில்தான். அந்த ஊரில் எடுத்த கிருமியைக் கொண்டே பின்னர் தடுப்பூசியும் தயாரித்தார்கள். 2024-இல் அதே நோய் கிரீஸ், ருமேனியா வரைக்கும் போய்விட்டது. ஆனால் அதை யாரும் மறைத்து வைக்க முடியாது. மூக்கு ஒழுகும், வாய் புண்ணாகும், கழியும், ஆடு சாகும். ஊருக்கே தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது சத்தம் போடாத நோய். புருசெலோசிஸ் என்று பெயர். ஆடு நன்றாக மேயும், மடி நிறையப் பால் தரும், பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. ஒரே ஓர் அடையாளம், சினை முற்றிய கடைசி இரண்டு மாதத்தில் குறைக்குட்டி போட்டுவிடும். அடுத்த ஈற்றில் சரியாகவே ஈன்றாலும் ஈனும். அதனால் ஆட்டுக்காரர், 'ஏதோ போதாத வேளை' என்று விட்டுவிடுவார். அந்த நஞ்சுக்கொடியிலும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். பாலிலும் இறங்கும். வெறுங்கையால் குட்டியை இழுத்துப் போடுகிற மனிதருக்கும், பச்சைப் பாலைக் குடிக்கிறவருக்கும் அது தொற்றும்.

நம் நாட்டில் நடந்ததையே சொல்கிறேன். பினாங்கில் 45 வயதுள்ள ஓர் ஆட்டுப்பண்ணை உரிமையாளர் மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி, அடங்காத வியர்வை, கையைத் தூக்க முடியாத சோர்வு என்று மருத்துவமனைக்குப் போனார். டிங்கி இல்லை, மலேரியா இல்லை, எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் இல்லை என்று சோதனைகள் சொல்லின. அவர் காய்ச்சாத ஆட்டுப்பால் குடிப்பவர், அதையே ஊராருக்கு விற்பவர் என்று தெரிந்த பிறகுதான் டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. அதற்கென்று இரத்தத்தைச் சோதித்தார்கள், புருசெலோசிஸ் என்று தெரிந்தது. ஓராண்டுக்குள் அந்த ஒரே பண்ணையின் பாலைக் குடித்த 79 பேருக்கு இந்த நோய் உறுதியானது. அவர்களில் இருவர் அங்கேயே வேலை செய்தவர்கள். இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர் நால்வருக்கும் தொற்றியது. அந்த மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. நோய் தொடங்கிய நாளிலிருந்து இன்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சராசரியாக 53 நாள் ஆகியிருக்கிறது. ஒருவருக்கு 210 நாள். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகும் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்ப வந்தது.

இதில் நம் வீடுகளைத் தொடுகிற விஷயம் ஒன்று உண்டு. டிங்கி வந்தால் ஆட்டுப்பால் கொடு, இரத்தத் தட்டணுக்கள் ஏறும் என்று நம் மக்கள் நம்புகிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் யாராவது காய்ச்சலில் படுத்தால், எங்கே பால் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் தேடி அலைவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டணுக்கள் ஏறும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. அதையாவது விட்டுவிடலாம். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்று சொல்லிப் பச்சையாகக் கொடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஒரு காய்ச்சலில் கிடக்கிறவருக்கு இன்னொரு காய்ச்சலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறோம். சில வாரம் கழித்து அவருக்கு மறுபடி உடம்பு சுட்டால், பழைய டிங்கியின் மிச்சம் என்று நினைத்துக் கொள்வோம். ஆஸ்துமாவுக்கு என்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாலுக்கும் இதே கதைதான். ஒரு கொதி வந்தால் கிருமி செத்துவிடும். அவ்வளவுதான் வேலை.

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவில் இது நூறு ஆண்டுக்கு முந்திய பாடம். அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை ஒரு காய்ச்சல் மாதக்கணக்கில் படுக்கப் போட்டது. டேவிட் புரூஸ் 1887-இல் கிருமியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்த ஆடுகளிடமிருந்துதான் என்பதை 1905-இல் தெமி சம்மித் என்ற மால்டாக்காரர் கண்டுபிடித்தார். மறு ஆண்டு சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் சட்டென்று இறங்கிவிட்டது. சிப்பாய்கள் பிழைத்துக் கொண்டார்கள். பாலை விற்று வாழ்ந்த ஆட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அந்த இடம்தான் உறுத்தும். அது ஏன் என்று சொல்கிறேன்.

நிப்பா வந்து ஓய்ந்த மறு ஆண்டு. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கம் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 1998-99-இல் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இராணுவத்தினர் இறங்கி அவற்றைச் சுட்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

அந்தச் சமயத்தில் காப்பார் பக்கம் ஒரு பெரியவர், தோட்டம் துண்டான பிறகு மின்கோபுரங்களுக்குக் கீழே இருந்த வெற்று நிலத்தில் முப்பது ஆடுகளை வைத்து மேய்த்துக் கொண்டிருந்தார். ஒரே மாதத்தில் மூன்று ஆடுகள் குறைக்குட்டி போட்டன. முனியாண்டிக்கு நேர்ந்திருந்ததை மறந்துவிட்டேன், அதனால்தான் என்றார். நான் இளைஞன், படித்ததைக் காட்ட வேண்டுமே.

"ஐயா, இது சாமி குத்தம் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்க்கணும். நோய் இருந்தால் அந்த ஆடுகளை அறுத்துடுவாங்க" என்றேன்.

பெரியவர் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். "பன்றியைச் சுட்ட மாதிரியா தம்பி?" என்று கேட்டார்.

"அப்படி இல்லைங்க" என்று சொன்னேனே தவிர, எப்படி என்று விளக்கிச் சொல்லவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் ஊசியும் குப்பிகளும் எடுத்துக்கொண்டு போனால் பட்டியில் பதினொரு ஆடுகள்தான் நின்றன. மற்றவற்றை இரவோடு இரவாக ஒரு வியாபாரியின் லோரியில் ஏற்றிவிட்டார். குறைக்குட்டி போட்ட மூன்றும் அதில் போய்விட்டன. எங்கே போயின? பந்திங் பக்கமா, கோலசிலாங்கூரா, யாருடைய பட்டியில் போய் நின்றன? கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த பதினொன்றில் இரண்டுக்கு நோய் இருந்தது. அவற்றை அறுத்தார்கள். பெரியவர் அழவில்லை, என்னிடம் கோபப்படவும் இல்லை. "நீ முந்தாநாள் சொல்லாம வந்திருந்தா எல்லாமே இங்கதான் தம்பி இருந்திருக்கும்" என்றார். அது உண்மைதான். நோயைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு என்று இந்த அரங்கில் வைத்தே ஒப்புக்கொள்கிறேன்.

அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவது எளிது. அவர் நிலைமையைப் பாருங்கள். நிலம் அவருடையது அல்ல. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆடு மாடு வைத்திருந்த நம் மக்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயத்தில் இருந்து வந்தவர்கள். சுபாங் ஜெயா எழுந்த இடம் சீபீல்ட் தோட்டமாக இருந்தது. தோட்டம் போய் தாமான் வந்தபோது ஆள் அடுக்குமாடிக்குப் போகலாம், ஆடு எங்கே போகும்? கிடைத்த புறம்போக்கில் பட்டி போட்டார்கள். அப்படி இருக்கிறவர் கால்நடை ஊழியரைக் கண்டால், அவருக்குப் பின்னால் நகராண்மைக் கழகத்தின் லோரியும் வருகிறதா என்றுதான் எட்டிப் பார்ப்பார். இரத்தம் எடுக்க அவர் சம்மதிப்பது என்றால், தன் இருப்பையே காட்டிக் கொடுப்பதாக நினைக்கிறார்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். இரத்தம் எடுக்க வருகிறவர் முதலில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். அறுக்கப்படும் ஆட்டுக்கு என்ன தொகை, எத்தனை நாளில் கைக்கு வரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அவர் பட்டி போட்டிருக்கும் நிலத்தைப் பற்றி இந்த ஊழியர் வேறு யாரிடமும் பேச மாட்டார் என்றும் இருக்க வேண்டும். இது செலவு என்று சொல்வார்கள். 79 பேருக்கு ஆறு வாரம் மாத்திரை கொடுத்ததும் செலவுதான்.

ஆட்டுக்காரர்களுக்குச் சில வார்த்தை. சோதனை ஒன்றும் பயங்கரமில்லை. கழுத்து நரம்பில் கொஞ்சம் இரத்தம், அதில் தெளிந்த நீர் ஒரு சொட்டு, அதோடு இளஞ்சிவப்பு மருந்து ஒரு சொட்டு. நாலு நிமிடம் ஆட்டிப் பார்த்தால் திரிந்த பால் மாதிரி கட்டி தட்டுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். பிறகு அதை வேறு சோதனையால் உறுதி செய்வார்கள். ஒருமுறை பார்த்து நோய் இல்லை என்றால் அதோடு நிம்மதி அடைய முடியாது. புதிதாகத் தொற்றிய ஆடு முதல் சோதனையில் தப்பிவிடும், அதனால் மந்தையை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். குறைக்குட்டியையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் பையையாவது கட்டிக் கொள்ளுங்கள். நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அந்த வேலைக்குக் கர்ப்பிணிப் பெண்களை விடாதீர்கள். உங்களுக்கே விட்டுவிட்டுக் காய்ச்சல், முதுகுவலி, இரவில் வியர்வை என்று வந்தால், கிளினிக்கில் வாயைத் திறந்து 'நான் ஆடு வளர்க்கிறேன்' என்று சொல்லுங்கள். டாக்டர் கேட்க மாட்டார், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

தீபாவளி வருகிறது, ஆட்டிறைச்சி சாப்பிடலாமா என்று வெளியே ஓர் அம்மா என்னிடம் கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம். பிரட்டலாகச் சட்டியில் வெந்த இறைச்சியால் இந்த நோய் வராது. இப்படிப் பயந்து மொத்தமாக வாங்காமல் நிறுத்திவிட்டால், ஒழுங்காக வளர்க்கிறவரும் சேர்ந்து மூழ்குவார்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் ஆடு வைத்திருக்கிறார். புதிதாக வாங்கும் ஆட்டைத் தனிப்பட்டியில் கட்டி வைத்து, இரத்தம் பார்த்த பிறகுதான் மந்தையில் சேர்ப்பார். போன மாதம் எனக்குத் தொலைபேசி செய்தார். "அண்ணே, ஒரு இடத்துல பத்து ஆடு மலிவா வருது. இரத்தம் எடுத்தாச்சான்னு கேட்டேன். போனை வச்சிட்டாரு."