கற்பூரமும் கறியுப்பும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1992 உயர்தர விஞ்ஞான வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னதும் எங்கள் எல்லோருக்கும் நினைவு வந்தது ஒரு மணந்தான். இரசாயன ஆய்வுகூடம் நிறைந்திருந்த கற்பூர மணம்.

1990 யூனில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்விலை. பன்சன் சுடரடுப்புக்கு வாயு இல்லை, மதுசார விளக்குக்கு மதுசாரமும் இல்லை. பதங்கமாதல் செய்முறைக்கு வேண்டிய அமோனியங் குளோரைட்டுப் போத்தலும் வெறுமை. ரீச்சர் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் போய் ஒரு பிடி நவச்சாரம் வாங்கி வந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று அன்றுதான் அறிந்தோம். சூடேறும்போது அது அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் திரும்பச் சேரும் என்றும் சொன்னார். ஆனால் அதற்கு 300 பாகைக்கு மேலே சூடு வேண்டுமே! எங்கள் ஜாம் போத்தல் விளக்கு கிண்ணத்தின் அடியைக் கரியாக்கியதோடு சரி.

அடுத்த கிழமை கற்பூரத்தோடு வந்தார். அது சிறு சூட்டிலேயே ஆவியாகும். சட்டெனத் தீயும் பற்றும். ஆகவே திரியை நன்றாகக் குறைத்தோம். கறியுப்போடு கலந்து கிண்ணத்தில் இட்டு, துளையிட்ட வடிதாளால் மூடி, மேலே புனலைக் கவிழ்த்தோம். தண்டைப் பஞ்சால் அடைத்து, வெளியே ஈரச்சீலை சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் புனலின் உட்புறம் வெள்ளையாகப் படிந்தது. உப்பு கிண்ணத்தில் அப்படியே கிடந்தது.

சுரண்டி நிறுத்தோம். 5 கிராம் கற்பூரத்தில் 3.6 தான் திரும்பியது. எங்களில் ஒருத்தி கொப்பியில் 4.8 என்று எழுதிவிட்டாள். ரீச்சர் கோபிக்கவில்லை.

"பிள்ளை, மூச்சை இழுத்துப் பாருங்கோ. மிச்சம் இஞ்சதான் நிக்குது" என்றார்.

கிடைத்ததை எழுதி, ஏன் குறைந்தது என்று கீழே ஒரு வரி எழுதச் சொன்னார். பஞ்சு இறுகவில்லை, சீலை காய்ந்துவிட்டது, சுரண்டும்போது சிந்தியது. ஒரு வரி மூன்று வரியாயிற்று.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது, தங்கைக்கு உதவும் என்று அந்தக் கொப்பியையும் அவள் பையில் வைத்தாள். இப்போது அது ரொறன்ரோவில் இருக்கிறது. இன்றைக்கென்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். 4.8 வெட்டியிருக்கிறது, பக்கத்தில் 3.6. ரீச்சர், நீங்கள் போட்ட சரி அடையாளத்தின் சிவப்பு மை மண்ணிறமாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் கொண்டுவந்து காட்டுகிறோம்.