மழையில் நனையும் நடமாடும் வீடு



சக்கரம் பூட்டிய ஒரு சிறிய வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை. கடலைப் பார்த்தபடி நிறுத்தலாம். அலையோசை கேட்டபடி உறங்கலாம். நியூசிலாந்துக்கு விடுமுறையில் செல்லும் மலேசியக் குடும்பங்கள் ‘மோட்டார்ஹோம்’ வாடகைக்கு எடுக்க ஆசைப்படுவது இதற்காகத்தான். அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் துணிவும் வந்துவிடுகிறது. ஆனால் விளம்பரப் படங்களில் எப்போதும் வெயில்தான் அடிக்கிறது. வார இறுதி முழுவதும் மழை பெய்தால் என்ன செய்வது?

தெற்குத் தீவின் மேற்குக் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறைஸ்ட்சர்ச்சில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை. மலைக்கு மறுபுறம் ஹோக்கிட்டிக்காவில் 2,800 மில்லிமீட்டருக்கு மேல்! தாஸ்மான் கடலின் ஈரக்காற்று தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து கொட்டிவிடுகிறது. ஆண்டிறுதியில் கிளந்தானும் திரங்கானுவும் நனைவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே, அங்கு பெய்யும் மழை கெட்ட நேரமல்ல. அந்த மண்ணின் இயல்பு.

அந்த மழை நாளுக்கும் ஓர் அழகு உண்டு. அப்பங்களை அடுக்கியதுபோல் நிற்கும் புனகைக்கியின் சுண்ணாம்புப் பாறைகளில், கடல் கொந்தளித்து நீர்மட்டம் உயரும் வேளையில்தான் துளைகள் வழியே தண்ணீர் பீறிட்டு எழும். அமைதியான நாளில் வருவோருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? மழையில் அல்ல, மழைக்குப் பயந்து மனிதர் செய்யும் இரண்டு காரியங்களில் இருக்கிறது.

முதலாவது, எல்லாவற்றையும் மூடிவிடுவது. வெளியே குளிர், உள்ளே பிள்ளைகள். சன்னல், கூரைத் துவாரம் அனைத்தையும் அடைத்துவிட்டு, கதகதப்புக்காகச் சமையல் அடுப்பை எரியவிடுகிறார்கள். சிலர் கரி அடுப்பையே உள்ளே கொண்டுவருகிறார்கள். போதிய காற்றின்றி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். உறங்குபவர் விழிக்காமலே போகலாம். அணைந்துவரும் கரிகூட இந்த வாயுவை வெளிவிடும். ஆகவே காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடுப்பு சமையலுக்கு மட்டுமே. குளிர் காய்வதற்கு அல்ல. வாகனத்தை வாங்கும்போதே வாயு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். தலை வலித்தால் உடனே அனைவரையும் வெளியே கொண்டுவர வேண்டும், மழை கொட்டினாலும் சரி.

இரண்டாவது, அவசரம். திங்கட்கிழமை வாகனத்தை ஒப்படைக்க வேண்டும், விமானம் ஏற வேண்டும் என்ற எண்ணத்தில் வெள்ளத்தை மதியாமல் புறப்படுவது. 2019 மார்ச் 26-ஆம் தேதி, பிரான்ஸ் ஜோசப் அருகே வைஹோ ஆற்றுப் பாலத்தைப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. தற்காலிகப் பாலம் திறக்க 18 நாள்கள் ஆயின. அப்பகுதி ஆறுகள் மலையிலிருந்து நேராக இறங்குபவை. கரையில் தூறல்தான் இருக்கும். மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் ஆற்றை நிரப்பிவிடும். ஆற்றோரப் புல்வெளியில் நிறுத்தியவருக்கு நள்ளிரவில் அது தெரியாது. மேடான, சரளை போட்ட இடமே நல்லது. ஈரப் புல்லில் கனமான சக்கரம் புதைந்துவிடும்.

நேயர்களே, இந்த இரண்டாவது ஆபத்துக்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. பயணத்திட்டம் போடும்போது, வாகனத்தைத் திருப்பித் தரும் நாளுக்கு முன்னால் ஒரு நாளை வெறுமையாக விட்டுவையுங்கள். மழை இல்லாவிட்டால் அது கடற்கரையில் கூடுதலாக ஒரு நாள். மழை வந்துவிட்டால், “நாளைக்குப் போகலாம்” என்று ஒரு தந்தை சொல்வதற்கு அந்த ஒரு நாள் இடம் கொடுக்கும். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் வாடகை. உள்ளே உறங்கும் பிள்ளைகளுக்கு முன் அது ஒரு செலவா?