நாரையின் இல்லம்



அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் இன்னஸ் (1825–1894) முப்பது வயதளவில், இரயில் நிறுவனம் ஒன்றன் வேண்டுகோளுக்கிணங்க 'லாக்கவானா பள்ளத்தாக்கு' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். புகைகக்கும் வண்டி, பணிமனை, வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் என யாவும் அதில் தெளிவுறத் தெரிந்தன. பல்லாண்டுகளுக்குப் பின், மெக்சிகோ நகரப் பழம்பொருட் கடையொன்றில் கிடந்த அதனை அவரே விலைகொடுத்து மீட்டார் என்பர்.

மறைவுக்கு முந்திய ஆண்டாகிய 1893-இல் அவர் தீட்டியது 'நாரையின் இல்லம்'. சிகாகோ கலைக்கூடத்திலுள்ள இந்த எண்ணெய் வண்ண ஓவியம், டோனலிசம் என்னும் ஒருசாயல் நெறிக்குச் சிறந்த சான்று. ஒரே வண்ணச்சாயல் படம் முழுதும் ஆட்சி செய்கிறது. மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, மரங்களும் சதுப்பு நீரும் அந்தியொளியில் தம் எல்லைக்கோடுகளை இழக்கின்றன. பெயருக்குரிய நாரையோ தேடுவார் கண்ணுக்கே புலப்படும்.

ஸ்வீடன்போர்க்கின் சமயச் சிந்தனையில் தோய்ந்த இன்னஸ், காணும் உலகின் உள்ளே காணா உலகொன்று உண்டென நம்பினார். மங்கிய ஒளியே அந்நம்பிக்கைக்கு அவர் கண்ட மொழி.

முன்னதில், கேட்டவருக்காக யாவற்றையும் காட்டினார். பின்னதில், காண்பவர் தேடட்டும் என விட்டுவைத்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடிக்கும் எழுதுகோலை அந்த நாரை வினவுகிறது: படிப்பவர் தேடிக் காண, கவிதையில் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா?