அடிகளார் பெயர் தாங்கிய நகரும் ஆரணியின் இருப்புப்பாதையும்

(ஆரணியில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆரணியின் பெயரில் ஒரு தொடர்வண்டி நிலையம் உண்டு. ஆனால் அஃது ஆரணியில் இல்லை. விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதையில், களம்பூரில் இருக்கிறது. பெயர் 'ஆரணி ரோடு'. சாலை என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க 'ரோடு' எதற்கு என்பது ஒருபுறம் கிடக்கட்டும். பலகையில் ஊர் இருக்கிறது. பலகைக்குப் பின்னால் ஊர் இல்லை.

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே மறைமலை நகரைப் பாருங்கள். சென்னையின் நெரிசலைக் குறைக்க, 1980-ஆம் ஆண்டளவில் துணைநகராகத் திட்டமிட்டு எழுப்பப்பட்டது அது. குடியிருப்பும் தொழிலகமும் அங்கே ஒருங்கே வகுக்கப்பட்டன. பாதையோ முன்னரே கிடந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இலேயே மின்தொடர்வண்டி ஓடிற்று. பின்னாளில் மின்வண்டி செங்கற்பட்டு வரை நீண்டது.

அப்பாதையில்தான் பல்லாவரமும் இருக்கிறது. கல்லூரிப் பணியை விடுத்து 1911-இல் மறைமலையடிகள் குடிபுகுந்த ஊர். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டபோதும் அவர் வாழ்ந்த ஊர். வேதாசலம் என்னும் வடமொழிப் பெயரை அவர் மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டார். அந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்லித்தான் இன்று உழைப்பாளர் நாள்தோறும் பயணச்சீட்டு வாங்குகின்றனர். எந்த மணிமண்டபமும் தரவியலாத சிறப்பு இது!

அந்நகரிலும் குறை உண்டு. அங்கிருந்த பெரிய மகிழுந்துத் தொழிலகம் 2022-இல் ஆக்கத்தை நிறுத்திற்று. ஆயினும் வேலை இழந்தவர் வீட்டைப் பெயர்க்காமலே, வண்டியேறி வேறிடத்தில் வேலை தேட வழி இருந்தது. தறி நின்றுபோன ஆரணி நெசவாளிக்கு அவ்வழி உண்டா? குடும்பத்தோடு ஊரைவிட்டே பெயர்கிறான். அவனோடு கைத்திறனும் பெயர்கிறது.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் புதுப்பாதை 2006–07-இல் ஒப்புதல் பெற்றது. நிலம் எடுப்பதிலும் பணம் ஒதுக்குவதிலும் ஆண்டுகள் கழிந்தன. ஆரணிக்கு இன்னும் வண்டி வரவில்லை. மறைமலை நகரில் பாதை இருந்தது, ஊர் பின்னர் வந்தது. இங்கோ பட்டு நெய்யும் பழம்பெரும் ஊர் பாதைக்காகக் காத்துக் கிடக்கிறது.

அப்பாதை வரும்போது நிலையம் தறிகளுக்கு அருகில் அமையவேண்டும். காலையில் சென்று மாலையில் திரும்பும் வண்டிகள் அதில் ஓடவேண்டும். பலகையில் 'ஆரணி' என்று மட்டும் இருக்கட்டும். இரண்டாவது 'ரோடு' வேண்டா.