ஆட்டமும் படமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முந்நூற்றுநாலு என்னும் சீட்டாட்டத்தை அறியாத ஊர் இல்லை எனலாம். கோயில் மடத்திலும், சந்திக் கடையின் வாங்கிலும், கல்யாண வீட்டின் முன்னிரவிலும் நால்வர் கூடினால் இருவர்க்கு இருவர் எதிராக அமர்ந்து இவ்வாட்டத்தைத் தொடங்கிவிடுவர். கட்டில் உள்ள 52 சீட்டுக்களில் 32 மட்டுமே இதற்கு வேண்டும். ஒவ்வொரு சாதியிலும் 76 புள்ளிகள். நான்கு சாதிக்குமாக 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு.

இக்கணக்கினுள் ஒரு வேடிக்கை உண்டு. சீட்டுக்கட்டிலே மிக்க அலங்காரத்துடன் வரையப்பட்டிருப்பவன் அரசன். முடியும் தாடியும் வாளும் உடையவன். அவனுக்கு இங்கே கிடைப்பது மூன்று புள்ளிகளே. அரசிக்கு இரண்டு. உருவம் எதுவுமின்றி ஒன்பது குறிகளை மட்டும் சுமந்து நிற்கும் வெறுஞ்சீட்டுக்கோ 20 புள்ளிகள். ஆசுக்கு 11, பத்துக்குப் பத்து. எல்லாருக்கும் மேலாக 30 புள்ளிகளுடன் நிற்பவன், அரசவையின் கடைநிலை ஊழியனாக வரையப்பட்டிருக்கும் ஜாக். அவனை வீரன் என்று அழைப்பர். படம் ஒன்று சொல்கின்றது. விதி வேறொன்று சொல்கின்றது. ஆடுவோர் படத்தை நம்பி ஏமாறுவதில்லை. சில நாட் பழக்கத்திலேயே அரசனைக் கண்டு அசையாத நெஞ்சு ஒன்பதைக் கண்டு துள்ளத் தொடங்கிவிடுகின்றது.

கட்டுப் பழசாகி, வியர்வைபட்டு, அரசனின் முகமே மங்கிப்போனாலும் ஆட்டத்தின் சுவை குன்றுவதில்லை. ஆயினும், ஒரு சீட்டின் பின்புறத்து மூலை மடிந்துவிட்டால் அன்றோடு அந்தக் கட்டின் ஆயுள் முடிந்தது. கவிழ்த்து வைத்த துரும்பு எது என்பதை எதிரி அறிந்துவிடுவான் அல்லவா? முகம் மங்கினால் பொறுத்துக்கொள்ளும் ஆட்டம், முதுகில் ஒரு சிறு கறை படிந்தால் பொறுப்பதில்லை. ஆட்டத்தில் படத்திற்குரிய கடமை இதனால் புலப்படும். காட்ட வேண்டியதைக் காட்டலும், மறைக்க வேண்டியதை மறைத்தலுமே அது. ஏனையவெல்லாம் அணிகலன்.

வீடியோ விளையாட்டு என்றும் கணினி விளையாட்டு என்றும் வழங்கும் இக்காலத்து ஆட்டங்களைப் பற்றிய வழக்கு ஒன்று இன்று பல இல்லங்களில் நடைபெறுகின்றது. கணினி ஒன்று வீட்டில் இருக்கின்றது. மகனோ, அதிலே படம் நன்றாக வராது, ஆகவே ஆட்டத்தில் சுவையில்லை, புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கின்றான். "படம் பார்க்கவோ தம்பி, விளையாடவோ?" என்று தகப்பனார் கேட்கின்றார். இது வெறும் இரசனைப் பூசலன்று; பணமும் இதிலே கலந்துள்ளது. 2022ஆம் ஆண்டில், மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியபோது, கடல் கடந்து வரும் இப்பொருள்களின் விலை எங்ஙனம் ஏறியிருக்கும் என்பதை நேயர்கள் தாமே கணித்துக்கொள்வர். தகப்பனாரின் கேள்வி நியாயமானது. ஆனால் மகன் சொல்வதும் முழுப் பிழையன்று.

முதலில் தகப்பனாரின் கட்சியைப் பார்ப்போம். 1984ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரிலே அலெக்ஸி பஜித்னவ் என்பார் ரெற்றிஸ் என்னும் ஆட்டத்தை அமைத்தார். அவரிடம் இருந்த எலெக்ரோனிக்கா 60 என்னும் பொறி படம் வரைய வல்லதன்று. எழுத்துக்களையும் குறிகளையும் மட்டுமே திரையில் இடும். ஆகவே அவர் அடைப்புக்குறிகளை இணைத்துக் கட்டைகளாக்கினார். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்குதல், ஒரு வரிசை நிரம்பினால் அது மறைதல், இவ்வளவே ஆட்டம். உலகமெங்கும் மக்கள் உறக்கம் மறந்து ஆடிய ஆட்டங்களுள் இதற்கு நிகரானவை சிலவே.

1989இல் யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் கையடக்கமான கேம் பாய் என்னும் பொறியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணம் இல்லை. பாசி படிந்தாற் போன்ற நான்கு சாயைகள் மட்டுமே உண்டு. மறு ஆண்டு சேகா நிறுவனம் கேம் கியர் என்னும் வண்ணத்திரைப் பொறியைக் கொணர்ந்தது. அழகில் இரண்டிற்கும் ஒப்பே இல்லை. ஆனால் வண்ணப் பொறி ஆறு பற்றரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்திலே தின்று தீர்த்தது. மங்கல் பொறியோ நான்கு பற்றரிகளுடன் ஏறத்தாழப் பதினைந்து மணி நேரம் உழைத்தது. முடிவு யாதெனின், கேம் பாய், பின்வந்த அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடி அளவோடு நின்றது.

பற்றரியின் அருமை யாழ்ப்பாணத்தவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊறிய சில துளி மண்ணெண்ணெயில் திரியேற்றி, அவ்வொளியில் பிள்ளைகள் பாடம் படித்தனர். பிற நாடுகளின் சிறார் திரைப்படங்களை ஒத்த ஆட்டங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில், இங்குள்ள சிறார் பாடசாலை முற்றத்தில் காற்பெருவிரலால் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்துக்கொண்டிருந்தனர்.

அந்தக் கோடுகளைச் சற்று உற்று நோக்குதல் தகும். நீண்ட சதுரம் ஒன்று. அதனைக் குறுக்கே அறுக்கும் சில கோடுகள். நடுவே நெடுகச் செல்லும் ஒரு கோடு. மறிப்போர் தத்தம் குறுக்குக் கோட்டை விட்டு விலகலாகாது. கிளி எனப்படுபவர்க்கு மாத்திரம் நடுக்கோட்டிலும் ஓட உரிமையுண்டு. தொடுகைக்கு அகப்படாது கடந்து சென்று மீளல் வேண்டும். 1980இல் யப்பானியரான தோரு இவதானி அமைத்த பக்-மான் என்னும் ஆட்டத்திலும் ஒடுங்கிய பாதைகள் உண்டு. துரத்தும் பேய்கள் நான்கு உண்டு. சிவப்புப் பேய் நேரே துரத்தும். இளஞ்சிவப்புப் பேயோ ஓடுபவன் இருக்கும் இடத்தை விட்டு, அவன் போகவிருக்கும் இடத்தை நோக்கி விரையும். நல்ல கிளியும் அதையே செய்யும் என்பதை மறித்து ஆடியவர் அறிவர். ஒன்று மண்ணிற் கீறிய கோடு, மற்றொன்று மின்னொளிக் கோடு. நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகம் இரண்டிலும் ஒன்றே.

ஆனால் இங்கே மகனின் கட்சிக்கும் ஒரு சான்று கிடைக்கின்றது. பக்-மான் ஆட்டத்தின் பேய்கள் நான்கும் ஒரே உருவத்தன. நிறம் ஒன்றே வேறுபாடு. நிறத்தை எடுத்துவிட்டால் எந்தப் பேய் எவ்வாறு வரும் என்று கணிக்க இயலாது. அங்கே நிறம் அழகுக்காக இடப்பட்டதன்று, அறிவிப்பதற்காக இடப்பட்டது. ஊர்க் கூத்திலும் இதுவே முறை. வட்டக்களரியில் மலையுமில்லை, மாளிகையுமில்லை. எனினும் வந்து நிற்பவன் அரசனா, தூதனா என்பதை முடியும் உடுப்பும் உடனே உரைத்துவிடுகின்றன. களரி வெறுமையாயிருக்கலாம், வேடம் வெறுமையாயிருத்தல் கூடாது.

கணினி விளையாட்டில் ஊறிய இளைஞர்களின் பழக்கத்தை நோக்கினால் இன்னும் ஒன்று தெளிவாகும். 2018இல் கைத்தொலைபேசிக்கு வந்த பப்ஜி என்னும் போராட்டத்தில் தேர்ந்தவர்கள் பலர், உயர்ந்த படத் தரத்தைத் தாமே குறைத்து வைத்து ஆடுகின்றனர். காரணம் உண்டு. திரையிலே படம் ஓடுவதில்லை. அசையாப் படங்கள் அடுத்தடுத்து வரையப்படுகின்றன. நொடிக்கு 30 படமாயின் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 33 மில்லிசெக்கன். 60 ஆயின் 17 மில்லிசெக்கனுக்கும் குறைவு. படத்திலே நுணுக்கம் ஏற ஏற, சிறிய பொறி மூச்சு வாங்குகின்றது. விரலின் கட்டளைக்கும் கண் காணும் விளைவுக்கும் இடையே தாமதம் வளர்கின்றது. ஆகவே இலையின் நிழலை விட்டுக்கொடுத்து விரைவை வாங்குகின்றனர். புதிய பொறி கேட்கும் மகன் சில வேளைகளிற் கேட்பது அழகையன்று, இந்த விரைவையே என்பதைத் தகப்பன்மார் அறிதல் நன்று. இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியாமையால் மகனும், பிரித்து விசாரிக்காமையால் தகப்பனும் வீணே பிணங்குகின்றனர்.

இனி, படமே ஆட்டமாய் அமைந்தவையும் உள. 1993இல் வெளிவந்த மிஸ்ட் என்னும் ஆட்டம் ஆளரவமற்ற ஒரு தீவிலே ஆடுபவனைக் கொண்டுபோய் விடுகின்றது. அங்கே துரத்துவாரும் இல்லை, கடிகாரமும் இல்லை. பார்த்தலும், நடத்தலும், புதிர் அவிழ்த்தலுமே தொழில். அந்தத் தீவு அழகற்றதாய் இருந்திருப்பின் யாரும் அதில் தங்கியிருக்க மாட்டார்கள். அறுபது இலட்சத்துக்கு மேல் விற்றிருக்கவும் மாட்டாது. ஓர் இடத்தில் இருக்கின்றோம் என்ற உணர்வைத் தருதல் படத்தின் தனிப்பெரும் ஆற்றல். கோடும் விதியும் அதனைத் தர மாட்டா.

இவ்வாற்றலை எண்ணும்போது ஒரு குறையும் உடன் தோன்றுகின்றது. 2013இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஒட்டோ வரிசையின் ஐந்தாம் ஆட்டம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மாதிரியாக வைத்துத் தெருத் தெருவாக வரையப்பட்டது. கொக்குவிலிலோ கரவெட்டியிலோ இருந்து அதனை ஆடும் பிள்ளை, அந்நகரின் சந்திகளை நன்கு அறியும். மணற்காட்டின் மணல்மேடுகளும், வல்லிபுரக் கோயிலைச் சூழ்ந்த வெண்மணலும், ஊரிக் கல் மதிலும், கிடுகு வேலியும், காற்றிலே உரசி ஒலிக்கும் பனங்கூடலும் அத்தகைய உலகங்களிற் காணக் கிடைப்பது அரிது. இவற்றை வரைவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமென்பதில்லை. ஸ்வீடனின் மார்க்கஸ் பேர்சன் 2009இல் தொடங்கி 2011இல் முழுமையாய் வெளியிட்ட மைன்கிராவ்ட் சதுரக் கட்டிகளால் மட்டுமே ஆனது. மரமும் கட்டி, மாடும் கட்டி, ஞாயிறும் கட்டி. 2023க்குள் அது 30 கோடிப் பிரதிகளைக் கடந்தது. எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே இருந்து, படமும் இசையும் கதையும் தாமே அமைத்து, 2016இல் ஸ்ரார்டியூ வலி என்னும் கமத்தொழில் ஆட்டத்தை வெளியிட்டார். பழைய பாணிச் சிறு புள்ளிப் படங்களே அதில் உள்ளன. பயிரிட்டு, நீரூற்றி, பருவம் பார்த்து, அயலாரோடு பழகுவதே ஆட்டம்.

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்று நீர் இறைத்து, செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் கற்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆட்டம் ஒன்று அமைக்க முற்பட்டால், நூற்றுக்கணக்கான ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தும் வெளிநாட்டுப் பெருநிறுவனங்களோடு படத்திலே போட்டியிட இயலாது. துலா மிதிப்பவனின் கால் ஒரு சாண் தவறினால் நேர்வது என்ன, வாய்க்கால் உடைந்தால் எந்தப் பாத்தியை முதலிற் காப்பது என்பன போன்ற விதிகளிலே போட்டியிடலாம். அவ்விதிகளை அவர்தம் பாட்டனார் அறிவார்.

இப்பேச்சு ஒலிக்கும் வானொலிக்குப் படமே கிடையாது. ஆயினும் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' இலங்கை வானொலியில் ஒலித்தபோது, கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் அக்குடும்பத்தின் முகங்கள் தனித்தனியே வரையப்பட்டன. இவ்வுண்மையைக் கணினி விளையாட்டிற் கையாண்டு பார்த்தவர் யப்பானியரான கென்ஜி எனோ. பார்வையற்ற இரசிகர் சிலர் தம் ஆட்டங்களை ஒலியைக் கொண்டே ஆடி மகிழ்வதை அறிந்த அவர், 1997இல் சேகா பொறிக்கென ஓர் ஆட்டம் அமைத்தார். அதிலே படம் ஒன்றுகூட இல்லை. திரை முழுவதும் இருள். நாடகம் போற் குரல்கள் பேசும். இடையே மணி ஒலிக்கும். கேட்பவர் கதை செல்லும் வழியைத் தெரிந்தெடுப்பார். அதனுடன் தொட்டுணர்ந்து படிக்கும் பிரெய்ல் எழுத்தில் விளக்கத்தாளும் வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆட்டம் சேகாவில் மட்டுமே வர வேண்டுமாயின், பார்வையற்றோர்க்கு ஆயிரம் பொறிகளை இலவசமாக அளித்தல் வேண்டும் என்று எனோ கேட்டார், நிறுவனமும் இசைந்தது. கைதடியிலே பார்வையற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை உண்டு. அங்குள்ள ஒரு பிள்ளையும், படத்திற்காகத் தகப்பனோடு வழக்காடும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து ஆடக்கூடிய ஆட்டம் அது. விளக்கு அணைந்துபோனாலும் அவர்கள் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.