இதய நலம்: சங்கமும் நகராட்சியும் என்ன செய்யலாம்?

(நமது கிளையின் ஆரோக்கிய தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய டாக்டர், இதயம் எப்படி வேலை செய்கிறது, எப்போது மக்கர் பண்ணுகிறது என்பதை அழகாக விளக்கிவிட்டார். நான் டாக்டர் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே வியாதியைப் பற்றிப் பேசப்போவதில்லை. நம்மைப் போன்ற சங்கங்களும், நாம் வரி கட்டும் நகராட்சிகளும் ஜனங்களின் சாப்பாட்டை நல்ல வழிக்குத் திருப்ப என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"நாம் சைவம், நமக்கு என்ன வரும்?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் முடிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்றும், மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரிந்தது. ஆறு வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாத, பையன் படிப்பு முடியாத வயது அது. சைவ இலையில் மாமிசம் இல்லை, வாஸ்தவம். ஆனால் வெள்ளைச் சாதம், அப்பளம், வறுவல், ஊறுகாய், பாயசம் எல்லாம் இருக்கின்றனவே! அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான்.

ரசாயனம் படித்தவன் என்பதால் வனஸ்பதியைப் பற்றி ஒரு வார்த்தை. டால்டா நம் நாட்டில் 1937-ல் வந்தது. தாவர எண்ணெயில் நிக்கல் துணையோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது நெய் மாதிரி உறையும். இந்த வேலையை அரைகுறையாகச் செய்யும்போது உண்டாவதுதான் டிரான்ஸ் கொழுப்பு. இதயத்துக்கு இதைவிடக் கெட்ட கொழுப்பு இல்லை. எத்தனையோ வருஷம் டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மிட்டாய்க் கடையில் டின் டின்னாக இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உச்சவரம்பை 2021 ஜனவரியில் 3 சதவீதம், 2022 ஜனவரியில் 2 சதவீதம் என்று சட்டமாக்கியது. மைசூர்பாகு சாப்பிடுகிறவர் யாரும் மனதைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கவில்லை. சரக்கே மாறியாக வேண்டும் என்றாகிவிட்டது.

சட்டம் மத்திய சர்க்கார் கையில். சங்கமும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து செய்ததற்குப் பின்லாந்து தேசத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கிழக்கே வட கரேலியா என்று ஒரு மாகாணம். வெண்ணெயும் உப்பும் மிகுந்த சாப்பாடு. நடுவயது ஆண்கள் கொத்துக்கொத்தாக இதய நோயில் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பிரமுகர்கள் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனுப் போட, 1972-ல் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. தலைமை ஏற்ற பெக்கா புஸ்கா என்ற டாக்டர் அப்போது இளைஞர். அவர் முதலில் தேடிப் போனவர்களில் 'மார்த்தா' என்ற மாதர் சங்கத்துப் பெண்மணிகளும் உண்டு. அவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பழகிய பதார்த்தங்களையே கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்துப் பரிமாறினார்கள். பின்னால் கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்டிரால் குறைக்கும் போட்டி கூட நடந்தது. சுமார் நாற்பது வருஷத்தில், உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. புகைபிடிப்பது குறைந்ததும், ரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்த்ததும் இதில் சேர்த்தி. எல்லாப் பெருமையையும் சமையலறைக்கே கொடுத்துவிட முடியாது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். கிளைகளில் ஆரோக்கிய முகாம் நடத்துகிறோம். காலையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு போண்டாவும் மதியம் ஜாங்கிரியும் போடுகிறோம். யாரையும் குறை சொல்லவில்லை. கேட்டரிங்காரரிடம் "நல்லா பண்ணிடுங்கோ" என்று வாயால் சொன்னால், அவருக்குத் தெரிந்த 'நல்லா' அதுதான்.

சர்க்கார் சத்துணவைப் பாருங்கள். பிரதம மந்திரி போஷண் திட்டத்தில் ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்குக் காய்கறி 50 கிராம், பருப்பு 20 கிராம், எண்ணெய் 5 கிராம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை காய்கறி 75, எண்ணெய் ஏழரை. எழுத்தில் இருப்பதால் கேள்வி கேட்க முடிகிறது. நம் பந்திக்கு அப்படி ஒரு கணக்கு உண்டா? ஒருவருக்கு நாளைக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் போதும் என்கிறார்கள்; மாதத்துக்கு 600 முதல் 900 கிராம். நம் விசேஷச் சாப்பாடு ஒன்றிலேயே அன்றைய கணக்கு தீர்ந்துவிடும்.

ஆகவே என் யோசனை, கேட்டரிங் ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்க்க வேண்டும். நூறு பேருக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ உப்பு என்று குறிப்பிட வேண்டும். எண்ணெய் டின் சீல் உடையாமல் நம் கண்முன் திறக்கப்பட வேண்டும். ஒரு தடவை பொரித்த எண்ணெய் மறுநாள் அடுப்புக்கு வரக்கூடாது. (திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் விதியே இருக்கிறது.) பொரித்த பதார்த்தம் ஒன்று, இனிப்பு ஒன்று. காய்கறி இரண்டு, கூடவே கோசுமல்லி. ஊறுகாயும் அப்பளமும் கேட்டவர்களுக்கு மட்டும்.

"விசேஷத்தில் குறை வைக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிராத்தச் சமையலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது சாஸ்திர விஷயம், வருஷத்தில் ஓரிரு நாள். நான் சொல்வது சங்கம் மாதாமாதம் போடும் சாப்பாட்டை. நவராத்திரி சுண்டலைவிட இதயத்துக்கு உகந்த பலகாரம் எந்த டயட்டீஷியனிடமும் இல்லை. வேகவைத்த கடலை, ஒரு ஸ்பூன் தாளிப்பு, அவ்வளவுதான். உப்புக் கொழுக்கட்டை, இட்லி, சேவை, எல்லாம் ஆவியில் வேகிறவைதானே? மகளிர் பிரிவு மாமிகள் மனது வைத்தால் ஒரே வருஷத்தில் மெனு மாறிவிடும்.

நகராட்சி விஷயம் கொஞ்சம் சிக்கல். 2006-ம் வருஷச் சட்டம் 2011-ல் அமலுக்கு வந்தபின், கடைச் சரக்கைச் சோதிக்கும் வேலை மாநில உணவுப் பாதுகாப்புத் துறையிடம் போய்விட்டது. ஆனாலும் பூங்காக் கேன்டீன், மாநகராட்சிப் பள்ளி, ஆஸ்பத்திரிக் கேன்டீன், மார்க்கெட் எல்லாம் அவர்கள் குத்தகைக்கு விடுகிறவை. டெண்டர் நிபந்தனையில் சுண்டலும் பழமும் மோரும் கட்டாயம் என்று போட யார் அனுமதியும் வேண்டாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. நம் பேட்டைப் பள்ளி வாசலில் அதை யாராவது அளந்து பார்த்தார்களா? ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரைக்கு 2018-ல் சுத்தமான தெருவுணவு மையம் என்று முதல் சான்றிதழ் கொடுத்தார்கள். நல்லதுதான், ஆனால் அந்தச் சான்று சுகாதாரத்துக்கு, எண்ணெய் அளவுக்கு அல்ல. 2014-ம் வருஷத் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் வியாபாரக் குழு அமைய வேண்டும். அதில் தொண்டு நிறுவனங்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இடம் உண்டு. நம் அங்கத்தினர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கா பஞ்சம்? மனு எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாமே.

ஒப்பந்த வாசகத்தின் நகலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற ஊர்க் கிளைகளும் கேட்டால் அனுப்பிவைப்பார். நம் கேட்டரருடன் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியது அடுத்த மாதம். அதற்குள் செயற்குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.